செங்கல் வடிவில் சுவர் டைல்ஸ்: பாதிக்குப் பாதி தள்ளிப் பதிக்கலாமா?

புதுடெல்லி: சமையலறை, குளியலறைச் சுவர்களில் செங்கல் அடுக்கியது போல டைல்ஸ் பதிப்பதைப் பலரும் விரும்புகின்றனர். ஒரு வரிசையின் இணைப்புகள் அடுத்த வரிசையின் இணைப்புகளுக்கு நேராக வராமல் தள்ளி அமைவதே இம்முறை. எவ்வளவு தள்ளிப் பதிக்கிறோம் என்பதைப் பொறுத்தே சுவர் சமமாகவோ, மேடும் பள்ளமுமாகவோ அமையும்.

சுரங்க ரயில் நிலையத்தில் இருந்து...

1904-இல் திறக்கப்பட்ட நியூயார்க் சுரங்க ரயில் நிலையங்களின் சுவர்களில் 3 அங்குல உயரமும் 6 அங்குல நீளமும் கொண்ட வெள்ளை டைல்ஸ் இவ்வாறு பதிக்கப்பட்டன. இதனால் இவ்வகைக்கு 'சப்வே டைல்ஸ்' என்ற பெயர் நிலைத்தது. இத்தகைய சிறிய டைல்ஸைப் பாதியளவு தள்ளிப் பதிப்பதில் சிக்கல் இல்லை.

நீளமான டைல்ஸில் என்ன சிக்கல்?

இந்தியக் கடைகளில் பரவலாகக் கிடைப்பவை 300-க்கு 450, 300-க்கு 600 மி.மீ. அளவு டைல்ஸ். சூளையில் சுடும்போது நீளமான டைல்ஸ் மிக நுண்ணிய அளவில் வளைவது இயல்பு. பாதியளவு தள்ளினால், ஒன்றின் மேடான நடுப்பகுதி அடுத்ததன் தாழ்ந்த முனையை ஒட்டி வரும். சுவரில் பக்கவாட்டு வெளிச்சம் படும்போது விளிம்புகள் துருத்திக்கொண்டு தெரியும்.

எனவே, 15 அங்குலத்துக்கு (சுமார் 380 மி.மீ.) மேல் நீளமுள்ள டைல்ஸை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தள்ளக் கூடாது என்கிறது அமெரிக்காவின் ஏ.என்.எஸ்.ஐ. தரநிலை. 450 மி.மீ. டைல்ஸுக்கு இது 150 மி.மீ.; 600 மி.மீ. டைல்ஸுக்கு 200 மி.மீ. இடைவெளியின்றி ஒட்டவைக்காமல், ஸ்பேசர் வைத்து 3 மி.மீ. இடைவெளி விடுவதும் அவசியம்.

பழைய சுவர்களில் கவனம்

டெல்லி புசா ரோட்டை ஒட்டிய பழைய ராஜேந்தர் நகர், பிரிவினைக்குப் பின் அகதிகளுக்காக உருவான குடியிருப்பு. இதுபோன்ற பழைய பகுதிகளின் வீடுகளில் முதலில் சுவரைத் தட்டிப் பார்க்க வேண்டும். பொள்ளென ஒலிக்கும் பூச்சை உடைத்து மீண்டும் பூச வேண்டும். தூக்குக்குண்டு கொண்டு சுவரின் நேர்மையைச் சரிபார்ப்பதும் முக்கியம்.

பதிக்கும் முறை

தரை மட்டமாக இருக்கும் என நம்பி, அதில் இருந்தே தொடங்கக் கூடாது. ரசமட்டத்தால் கோடு போட்டு, நேரான மரச்சட்டத்தைச் சுவரில் பொருத்தி, இரண்டாம் வரிசையில் இருந்து பதிக்க வேண்டும். அடி வரிசையைக் கடைசியில் அளவுக்கு வெட்டிப் பதிக்கலாம். ஓரங்களில் மெல்லிய துண்டுகள் வராதபடி, முன்னதாகவே தரையில் அடுக்கிப் பார்ப்பது நல்லது.

சிமெண்ட் கலவையில் பதிக்கும் செராமிக் டைல்ஸை முன்னதாகத் தண்ணீரில் ஊறவைப்பது வழக்கம். டைல்ஸ் பசை பயன்படுத்தினால் ஊறவைக்கத் தேவையில்லை. பசைகளுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 15477, பையில் இந்த எண்ணையும் வகையையும் பார்த்து வாங்கலாம். பசையைப் பல் கரணையால் சீராக இழுத்து, டைல்ஸை நன்கு அழுத்த வேண்டும். ஆங்காங்கே உருண்டையாக வைத்தால் உள்ளே வெற்றிடம் உண்டாகி, பின்னர் டைல்ஸ் பெயரும்.

பசை இறுகிய பிறகே, பொதுவாக ஒரு நாள் கழித்து, இணைப்புகளில் கிரவுட் நிரப்ப வேண்டும். இரு சுவர்கள் சேரும் மூலையில் மட்டும் கிரவுட்டுக்குப் பதிலாக சிலிகான் இட்டால், சுவர் சற்றே அசைந்தாலும் விரிசல் விழாது. வெட்டும்போது உடைவதை ஈடுகட்ட, சுமார் 10 சதவீதம் கூடுதலாக டைல்ஸ் வாங்கி வைப்பது நல்லது.