வளைக்குள் போகும் கதிர்

சம்பா அறுவடை முடியும் தை, மாசியில் தஞ்சை, நாகைப் பக்கத்து வயல் வரப்பை வெட்டிப் பார்த்தால், உள்ளே கதிர் கதிராக நெல் அடுக்கியிருக்கும். அதைத் தோண்டி எடுத்துக் குத்தி உலை வைத்த குடும்பங்கள் டெல்டாவில் உண்டு. இப்படிச் சேர்ப்பதில் முதலிடம் கரம்பை எலிக்கு. குரங்குபோல் கன்னத்தில் அடக்கிக்கொள்ளப் பை கிடையாது அதற்கு. தாளைச் சாய்வாகக் கடித்து வீழ்த்தி, கதிரை வாயில் கவ்வி வளைவரை இழுத்துப் போக வேண்டும். தின்ன வேண்டுமென்றால் நின்ற இடத்திலேயே தின்னலாமே! வயல் முழுக்க நெல் கிடக்கும்போது எதற்கு இந்தப் பாடு?

பேராசை என்று விவசாயி திட்டுவார். ஆனால் தின்பதும் சேர்ப்பதும் மூளையில் ஒரே சங்கதி அல்ல.

1985-இல் ஆன் கெல்லி, லூயிஸ் ஸ்டினஸ் என்ற இருவர், ஆய்வக எலிகளின் நடுமூளையிலிருந்து கிளம்பும், டோபமினைச் சுரக்கும் நரம்பணுக்களில் ஒரு பகுதியை அழித்தார்கள். தீனியைக் கூட்டுக்குத் தூக்கிப் போய்ச் சேர்க்கும் பழக்கம் எலிகளிடம் மறைந்தது. எல்-டோபா கொடுத்ததும் அது திரும்பி வந்தது. நம்மூர் நரம்பியல் மருத்துவர்கள் பார்க்கின்சன் நோயாளிகளுக்கு எழுதிக் கொடுக்கும் அதே மருந்துதான்.

இன்னும் நுணுக்கமாகத் துருவியவர் அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் டிமோதி பார்ட்னஸ். அவர் எடுத்துக்கொண்டது சைபீரிய ஹாம்ஸ்டர் என்ற சிறு கொறித்துண்ணியை. மேலே ஒரு கூண்டு, கீழே வளை மாதிரி இன்னொன்று, நடுவே குழாய். மேலே சக்கரத்தை ஓடிச் சுற்றினால் ஒரு தீனி உருண்டை விழும். அங்கேயே தின்பதா, கீழே கொண்டு போவதா என்பது ஹாம்ஸ்டரின் விருப்பம். பட்டினி போட்டு விட்டபோது அது வழக்கத்தைவிடக் கூடுதலாகத் தின்னவில்லை, சேர்த்துத் தள்ளியது. நாமாக இருந்தால் முதலில் இலையைத்தான் தேடியிருப்போம்.

பசித்த இரைப்பை கிரெலின் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. அது மூளையின் ஹைப்போதலாமஸில் உள்ள சில நரம்பணுக்களைத் தட்டி எழுப்ப, அவை நியூரோபெப்டைடு ஒய், ஏஜிஆர்பி என்ற இரண்டு பொருள்களை வெளிவிடுகின்றன. இவற்றை ஹாம்ஸ்டரின் மூளைக்குள் செலுத்தினாலே சேமிப்பு ஏறுகிறது. ஏஜிஆர்பியை ஒருமுறை செலுத்தினால் அதன் வேகம் நாள்கணக்கில் அடங்குவதில்லை. நியூரோபெப்டைடு ஒய் வந்து ஒட்டும் ஏற்பிகளிலும் வேலைப் பிரிவினை இருக்கிறது: ஒரு வகை சேர்ப்பதை அதிகம் தூண்டும், இன்னொன்று தின்பதை. எதிர்ப்பக்கம், கொழுப்புத் திசு அனுப்பும் லெப்டின் 'கையிருப்பு போதும்' என்று தெரிவிக்கிறது; அதைச் செலுத்திய ஹாம்ஸ்டர்கள் சேமிப்பைக் குறைத்துக்கொண்டன.

இதெல்லாம் பட்டினிக் கதை. நெல் முற்றிய வயலில் பட்டினி ஏது?

இங்கேதான் 1997-இல் பார்ட்னஸ் வெளியிட்ட ஒரு முடிவு நமக்கு உதவுகிறது. சினையாக இருக்கும்போதும் பாலூட்டும்போதும்கூட ஹாம்ஸ்டர் அதிகமாகச் சேர்க்கிறது. பாலூட்டும் தாயின் உடல் செலவழிப்பது அதிகம், லெப்டின் குறைவு. மூளைக்கு அது பற்றாக்குறைக் காலம்தான். கரம்பை எலி குட்டி போடும் காலத்தை நெற்கதிரோடு ஒத்துப் பாருங்கள்: பயிர் பொதி கட்டுவதிலிருந்து அறுவடை வரைதான் அதன் இனப்பெருக்கம் உச்சத்தில் இருக்கும். சினைக்காலம் சுமார் மூன்று வாரம். வரப்பை வெட்டும்போது நெல்லோடு குட்டிகளும் கிடைப்பது தற்செயல் இல்லை. ஹாம்ஸ்டரின் வேதியியலை அப்படியே நம் எலிக்கு எழுதிவிடக் கூடாது என்றாலும், மேற்சொன்ன பொருள்கள் எல்லாமே பாலூட்டிகளுக்குப் பொதுவானவை.

எலியைத் தடுக்க வேண்டுமானால் இந்தக் காலக்கணக்கைத்தான் பார்க்க வேண்டும். கதிர் முற்றிய பிறகு வைக்கும் விஷத்தீனியை எலி ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. அதைவிட நல்ல தீனி சுற்றிலும் நிற்கிறது. ஆகவே மூங்கிலை வில்லாக வளைத்துக் கட்டும் எலிப்பொறியான தஞ்சாவூர் கிட்டியைப் பொதி கட்டும் முன்பே வைத்துவிட வேண்டும், வளை தோண்ட இடம் கொடுக்காதபடி வரப்பையும் சிறிதாக்கிக்கொள்ள வேண்டும். ஒருவர் வயலில் மட்டும் வைத்துப் பயனில்லை. காலியான வளைக்குப் பக்கத்து வரப்பு எலி குடிவந்துவிடும். ஊரே சேர்ந்து ஒரே வாரத்தில் கிட்டி வைத்தால்தான் காரியம் நடக்கும்.