தண்டுவடக் காயமும் நைட்ரிக் ஆக்சைடு நொதிகளும்

நைட்ரிக் ஆக்சைடு சிந்தேசு என்பது ஆர்ஜினின் என்னும் அமினோ அமிலத்திலிருந்து நைட்ரிக் ஆக்சைடு வாயுவை உருவாக்கும் நொதியாகும். தண்டுவடம் காயமுற்றபின் எவ்வளவு நரம்புத்திசு பிழைக்கும் என்பதில் இந்நொதிக்குப் பங்குண்டு. வாகனப் புகையில் உள்ள அதே வாயுதான் இது. உடலுக்குள் இது செய்தி கடத்தும் மூலக்கூறாகச் செயல்படுவதைக் கண்டறிந்தமைக்காக ராபர்ட் ஃபர்ச்காட், லூயிஸ் இக்னாரோ, ஃபெரிட் முராட் ஆகியோர் 1998 ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசைப் பெற்றனர்.

இந்நொதி மூன்று வகைப்படும். நரம்பணுக்களில் இருப்பது நரம்புவகை. இரத்தக்குழாயின் உட்சுவரில் இருப்பது உட்சுவர்வகை. இவ்விரண்டும் கால்சியம் உயரும்போது மட்டும் சிறிதளவு வாயுவை வெளியிட்டு ஓய்ந்துவிடும். மூன்றாவதான தூண்டல்வகை, நலமான தண்டுவடத்தில் அநேகமாகக் காணப்படுவதில்லை. அழற்சி தோன்றியபின் மைக்ரோகிளியா அணுக்களும் பெருவிழுங்கிகளும் இதைப் புதிதாகத் தயாரிக்கின்றன. இதற்குக் கால்சிய உயர்வு தேவையில்லை. மூட மறந்த குழாய்போல மணிக்கணக்கில் இயங்கும்.

காயத்தின்போது

விபத்தில் நேரும் நசுங்கலை மாற்ற இயலாது. ஆனால் அதன்பின் சேதம் நாள்கணக்கில் சுற்றிலும் பரவுகிறது. இது இரண்டாம்நிலைக் காயம் எனப்படும். சிதைந்த நரம்பணுக்களிலிருந்து கசியும் குளுட்டமேட்டு, அண்டை அணுக்களுக்குள் கால்சியத்தைப் புகவிடுகிறது. நரம்புவகை நொதி மிகையாக இயங்குகிறது. பின்னர் தூண்டல்வகையும் சேர்ந்துகொள்கிறது. நைட்ரிக் ஆக்சைடு தனியே அவ்வளவு கொடியதன்று. காயமுற்ற திசுவில் மிகுந்திருக்கும் சூப்பராக்சைடுடன் அது இணைந்து பெராக்சிநைட்ரைட்டாக மாறும்போதே ஆபத்து. இச்சேர்மம் அணுப்படலக் கொழுப்புகளையும் புரதங்களையும் டி.என்.ஏ.வையும் சிதைக்கிறது. நரம்பிழைகளுக்கு மயலின் உறையிடும் அணுக்களும் மடிகின்றன.

தடுப்பு முயற்சிகள்

அப்படியானால் நொதியை முழுதும் தடுத்துவிடலாமே என்று தோன்றும். எல்லா வகைகளையும் தடுக்கும் மருந்துகள் விலங்குகளில் முரண்பட்ட முடிவுகளையே தந்தன. உட்சுவர்வகை இரத்தக்குழாயை விரித்து, காயப்பகுதிக்கு இரத்தம் செல்ல உதவுகிறது. அதையும் அடைத்தால், ஏற்கெனவே ஆக்சிசனுக்குத் தவிக்கும் திசு மேலும் வாடும். இத்தகைய மருந்தொன்று, கிருமித்தொற்று முற்றி இரத்த அழுத்தம் சரிந்த நோயாளிகளுக்குக் கொடுத்துச் சோதிக்கப்பட்டபோது இறப்பு கூடியதால் அச்சோதனை இடையிலேயே நிறுத்தப்பட்டது.

தூண்டல்வகையைப் பெரிதும் தடுக்கும் அமினோகுவானிடின், எலிகளில் தண்டுவடச் சேதத்தைக் குறைத்தது. எனினும் இந்நொதிகளைக் குறிவைக்கும் தண்டுவடக் காய மருந்து எதுவும் மனிதர்களிடம் நடைமுறைக்கு வரவில்லை. தூண்டல்வகை, காயம் நேர்ந்து சில மணிநேரம் கழித்தே பெருகுகிறது. நோயாளி மருத்துவமனையை அடைந்தபின்னும் அதைத் தடுக்க அவகாசம் இருக்கக்கூடும் என்பதால் ஆய்வாளர்களின் கவனம் அதன்மீது குவிந்துள்ளது.