கார் டிக்கிக்குள் அடங்கும் வீடு

அமெரிக்காவின் மேற்குப் பக்கம், காருக்குப் பின்னால் டிரெய்லர் வீட்டை மாட்டிக்கொண்டு கணவனும் மனைவியுமாகக் கிளம்பிவிடுகிறார்கள். கடல்மட்டத்துக்கு 86 மீட்டர் கீழே கிடக்கும் டெத் வேலி பாலைவனத்தில் சில நாள், ராக்கி மலையில் சில நாள். வீடியோ பார்த்துப் பார்த்து எனக்கும் ஆசை வந்துவிட்டது. “அதெல்லாம் சரி, நம்ம கார்ப்பார்க்ல அதை எங்க நிறுத்துவ?” என்றார் என் வீட்டுக்காரர்.

நியாயமான கேள்விதான். இங்கே சிங்கப்பூரில் ஒரு காருக்குக் கோடு போட்டுக் கொடுக்கும் இடம் 2.4 மீட்டர் அகலம், 4.8 மீட்டர் நீளம். பஃபலோ ரோட்டில் எங்கள் புளோக்குக்குக் கொஞ்சம் பெரிய வேன் வந்தாலே திரும்பத் திண்டாடும். சிஓஇ என்கிற வாகன உரிமைச் சான்றிதழ் எடுத்து ஒரு கார் வைத்திருப்பதே பெரும்பாடு. ஊரும் சின்னது, கிழக்குக் கோடிக்கும் மேற்குக் கோடிக்கும் 50 கிலோமீட்டர் சொச்சம். ஆக உயரமான புக்கிட் தீமா குன்று 164 மீட்டர்கூட இல்லை. மலை வேண்டுமென்றால் எல்லை தாண்டித்தான் ஆக வேண்டும்.

ஆகவே டிரெய்லரை மறந்துவிட்டு, டிக்கிக்குள் அடங்குகிற வீடு ஒன்றைக் கட்ட ஆரம்பித்தோம்: கூடாரம், பாய், போர்வை, கேஸ் அடுப்பு, மூன்று லிட்டர் குக்கர். அரிசியும் பருப்பும் தேக்கா சந்தையில், பிளாஸ்டிக் டப்பாக்கள் முஸ்தபா கடையில் வாங்கினோம்.

ஒத்திகை ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில். தேசியப் பூங்காக் கழகம் கூடாரம் போட இடம் ஒதுக்கியிருக்கிறது. அனுமதிச் சீட்டு இலவசம், ஆனால் கட்டாயம். அந்த இரவு கற்றுக்கொடுத்தது ஏராளம். வியர்வையும் மூச்சும் கூடாரத் துணியில் நீராகக் கோத்து விடிகாலையில் தலையில் சொட்டும். மேல் ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தால் அந்தத் தொல்லை குறையும். தண்ணீர் லிட்டருக்கு ஒரு கிலோ கனம் என்பதும், தூக்கிச் சுமந்த பிறகுதான் மனதில் பதிந்தது.

பிறகு மலேசியாவின் கேமரன் மலை. உட்லண்ட்ஸ் எல்லையைத் தாண்டும்முன் பெட்ரோல் முக்கால் டேங்க் இருக்க வேண்டும். அக்கரையில் விலை மலிவு என்று நிரப்பப் போவதைத் தடுக்க 1991 முதல் இருக்கும் விதி இது. மலேசியப் பக்கம் விஇபி என்கிற வாகன நுழைவு அனுமதிப் பட்டை இல்லாவிட்டால் 300 ரிங்கிட் அபராதம். 2025 ஜூலையிலிருந்து கெடுபிடி. டோலுக்கு டச் அண்ட் கோ அட்டை. அங்கே ரான் 95 பெட்ரோல் உள்ளூர் வண்டிகளுக்குத்தான். நம் காருக்கு ரான் 97.

வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையை விட்டு தாப்பாவில் இறங்கினால், தானா ராத்தா வரை அறுபது கிலோமீட்டர் வளைவுதான். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு டிகிரிக்கு மேல் சூடு குறையும். ஏறத்தாழ 1,450 மீட்டர் உயரத்தில் இருக்கிற தானா ராத்தாவில் இரவில் இரண்டு போர்வை வேண்டியிருந்தது.

முதல் நாள் சாதாரணப் பானையில் சோறு வைத்தேன். கொதித்துக்கொண்டே இருந்தது, சீக்கிரத்தில் வேகவில்லை. மேலே காற்றழுத்தம் குறைவதால் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. எவ்வளவு தீ வைத்தாலும் அதற்கு மேல் சூடு ஏறாது. குக்கரில் ஆவி அடைபட்டு அழுத்தம் கூடுவதால் கொதிநிலையும் உயர்கிறது. மறுநாள் குக்கர் விசிலடித்தது. பக்கத்துக் கூடாரத்துப் பிள்ளைகள் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள்.

1929இல் ஜே. ஏ. ரஸல் தொடங்கிய போ தேயிலைத் தோட்டம் இங்கேதான். இந்தச் சரிவுகளில் கொழுந்து கிள்ளியவர்களில் நம் ஆட்கள் நிறையப் பேர். ரிங்லெட்டில் டீ குடிக்க நின்றபோது, தோட்ட லாரி ஓட்டி ஓய்ந்த ஒரு பெரியவர் எங்கள் சிங்கப்பூர் நம்பர் பிளேட்டைப் பார்த்துவிட்டு வந்தார்.

“தங்கச்சி, எறங்கும்போது பிரேக்க மிதிச்சிக்கிட்டே போவாத. கியர எறக்கு, இஞ்சினே வண்டியப் புடிச்சிக்கும்.”

காரணமும் அவரே சொன்னார். ஓயாமல் மிதித்தால் பிரேக் பழுக்கக் காய்ந்து, அதன் எண்ணெயும் கொதித்துக் குமிழி கட்டும். அப்புறம் மிதித்தால் கால் தரைவரை போகும், வண்டி நிற்காது. தாப்பா வரை கியரை ‘எல்’லுக்கும் ‘2’க்கும் மாற்றிக்கொண்டே வந்தேன். வீட்டுக்காரர் மட்டும் தன் பக்கத்தில் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தார்.

போக ஆசைப்படுகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். முதலில் ஈஸ்ட் கோஸ்ட்டில் ஓர் இரவு படுத்துப் பாருங்கள். விடிந்ததும் சாமான்களைப் பரப்பி, எதையெல்லாம் தொடவே இல்லை என்று பாருங்கள். அதையெல்லாம் வீட்டில் போட்டுவிட்டு, அந்த இடத்தில் ஒரு குக்கரை வையுங்கள்.