மூடியைச் சாத்தினால் போதுமா?

மடிக்கணினியின் மூடியைச் சாத்தியதும் வேலை முடிந்தது என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். பெரும்பாலும் கணினி உறங்குகிறது, அவ்வளவே. மீண்டும் திறந்தால் மின்னஞ்சல், பதிவிறக்கிய கணக்கு அறிக்கை, வைப்புநிதி விவரம் யாவும் விட்ட இடத்திலேயே காத்திருக்கும். இணைய வங்கித் தளம் சில நிமிடங்கள் பயன்பாடின்றி இருந்தால் தானே வெளியேற்றிவிடும். மற்றவை பெரும்பாலும் அவ்வாறு செய்வதில்லை. வீட்டில் அனைவரும் கடவுச்சொல்லை அறிந்த கணினியில் இது சிறு விஷயமன்று.

இதற்கெனத் தனி மென்பொருள் வாங்க வேண்டியதில்லை. விண்டோஸிலேயே 'டாஸ்க் ஷெட்யூலர்' என்னும் கருவி உள்ளது. அதைத் திறந்து 'கிரியேட் டாஸ்க்' என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அருகிலுள்ள 'கிரியேட் பேசிக் டாஸ்க்' எளிதாகத் தோன்றும். ஆனால் நமக்கு வேண்டிய வசதி அதில் இல்லை. 'டிரிக்கர்ஸ்' பகுதியில், கணினி பூட்டப்படும்போது இயங்குமாறு 'ஆன் வொர்க்ஸ்டேஷன் லாக்' என்பதைக் குறிக்கவும். 'ஆக்‌ஷன்ஸ்' பகுதியில் நிரலின் பெயராக 'டாஸ்க்', 'கில்' ஆகிய ஆங்கிலச் சொற்களை இடைவெளியின்றிச் சேர்த்து எழுதவும். கீழுள்ள 'ஆர்கியுமென்ட்ஸ்' கட்டத்தில் சாய்கோடு, ஐ, எம், ஓர் இடைவெளி, பின்னர் மூட வேண்டிய செயலியின் கோப்புப் பெயர். குரோம் எனில், குரோம், புள்ளி, இ எக்ஸ் இ. அனைத்தும் ஆங்கில எழுத்துகளில்.

இத்துடன் எஃப் என்னும் கட்டளையையும் சேர்க்குமாறு சிலர் அறிவுறுத்துவர். நாம் அதைப் பரிந்துரைக்க மாட்டோம். எஃப் இல்லையெனில் செயலியிடம் மூடுமாறு கேட்கப்படுகிறது. இருந்தால் அது பலவந்தமாக நிறுத்தப்படுகிறது. எக்செலில் பாதி எழுதிய வரிக்கணக்கு சேமிக்கப்படாமலே போய்விடும்.

மடிக்கணினி வைத்திருப்போர் பலர் தவறவிடும் இடம் ஒன்றுண்டு. 'கண்டிஷன்ஸ்' பகுதியில், மின் இணைப்பில் இருந்தால் மட்டுமே பணி தொடங்க வேண்டும் என்னும் கட்டம் முன்கூட்டியே குறிக்கப்பட்டிருக்கும். அக்குறியை நீக்காவிடில், மின்கலத்தில் இயங்கும்போது ஒன்றும் நிகழாது. அமைத்தவரோ எல்லாம் மூடப்பட்டதாக நம்பியிருப்பார்.

உலாவியின் தொடக்க அமைப்பில் 'விட்ட இடத்திலிருந்து தொடர்க' என்றிருந்தால் மூடிய பக்கங்கள் மீண்டும் வந்து நிற்கும்; அதையும் மாற்றுக. உலாவி மூடப்பட்டாலும் மின்னஞ்சலிலிருந்து வெளியேறியதாக ஆகாது என்பதால், 'சைன் அவுட்' செய்யும் வழக்கத்தை விட வேண்டாம்.

அமைத்தபின் மின்கம்பியைக் கழற்றி, குரோமைத் திறந்து வைத்து, விண்டோஸ் விசையையும் எல் விசையையும் சேர்த்து அழுத்திப் பூட்டுக. கடவுச்சொல்லிட்டு உள்ளே வரும்போது குரோம் திறந்தே இருந்தால், முதலில் பார்க்க வேண்டியது 'கண்டிஷன்ஸ்' பகுதியை.