நீரின் தன்மையை அறிவிக்கும் பூச்சிகள்

ஆற்று நீர் கெட்டுவிட்டதா என்பதை அறியப் புட்டியில் நீர் எடுத்துப் பரிசோதனைச் சாலைக்கு அனுப்புவது வழக்கம். அது அவசியமான முறையே. எனினும் புட்டியிலுள்ள நீர், எடுக்கப்பட்ட நேரத்தின் நிலையை மட்டுமே கூறும். இரவில் திறந்துவிடப்பட்ட கழிவு விடியுமுன் ஓடி மறைந்திருப்பின், காலையில் எடுத்த நீர் அதனைக் காட்டிக்கொடுக்காமல் போகலாம். ஆற்றின் அடியில் கல்லைப் பற்றி வாழும் சிறு பிராணிகளோ வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் அங்கேயே இருப்பவை.

ஜெர்மானிய விஞ்ஞானிகளான கோல்க்விட்ஸ், மார்சன் இருவரும் 1908, 1909ஆம் ஆண்டுகளில், கழிவு கலந்த நீரில் எவ்வெவ்வுயிர்கள் வாழும் என்பதை வரிசைப்படுத்தி வெளியிட்டனர். நம் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் நீர்ப்பூச்சிகளைக் கொண்டு நீர்நிலைகளைத் தரம் பிரிக்கும் முறையொன்றை வகுத்துள்ளது.

சாக்கடையோ சர்க்கரை ஆலைக் கழிவோ கலந்தால், அதனை மட்கச் செய்யும் நுண்ணுயிர்கள் நீரிலுள்ள பிராணவாயுவைச் செலவிட்டுவிடுகின்றன. ஒருநாட்பூச்சி எனப்படும் ஈயின் இளம்பருவம் நீருக்குள்ளேயே கழிகிறது. அதன் வயிற்றின் இருபுறமும் மெல்லிய செவுள்களும், வாலில் பெரும்பாலும் மூன்று இழைகளும் காணப்படும். பிராணவாயு குறையும்போது முதலில் மறைபவற்றுள் இதுவும் ஒன்று. கொசுவையொத்த, ஆனால் கடிக்காத பூச்சியொன்றின் சிவந்த புழுவோ அப்போது சேற்றில் பெருகும். அதன் உடலிலுள்ள ஹீமோகுளோபின் சொற்பப் பிராணவாயுவையும் பற்றிக்கொள்கிறது.

கழிவு கலக்குமிடத்திற்கு மேலே ஓரிடமும் கீழே ஓரிடமும் தேர்க. இரண்டிலும் தரையும் நீரோட்டமும் ஒத்திருத்தல் வேண்டும். கொசுவலைத் துணியை நீரோட்டத்திற்கு எதிரே பிடித்து, அதன் முன்னுள்ள கற்களைக் கிளறி, துணியில் விழுபவற்றை வெள்ளைத் தட்டில் இட்டுப் பார்க்கவும். பள்ளிச் சிறுவர் இதனை நம்மினும் விரைவில் கற்பர். ஆயினும் கழிவு நீரில் அவர்களை இறக்கலாகாது. மேலே பலவகைப் பூச்சிகளும் கீழே செம்புழுக்கள் மட்டுமே இருப்பின், தேதியுடனும் இடத்துடனும் குறித்து, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்குப் பஞ்சாயத்து எழுதலாம். வயலில் தெளித்த பூச்சிமருந்து வாய்க்கால் வழியே இறங்கினாலும் நீர்ப்பூச்சிகள் மடியும். ஆகவே பழி முழுவதையும் ஆலையின்மேல் சுமத்துமுன் நம் வயல்களையும் பார்ப்பது நியாயம்.

வெள்ளம் வடிந்தவுடன் இச்சோதனை பயன் தராது. பூச்சிகள் அடித்துச் செல்லப்பட்டிருக்கும். தேங்கிய குளத்தை ஓடும் ஆற்றுடன் ஒப்பிடுவதும் தவறு. பூச்சிகள் நிறைந்துள்ளன என்பதற்காக அந்நீரைப் பருகவும் கூடாது. மலக்கலப்பைக் காட்டும் கோலிபார்ம் கிருமிகள் உள்ளனவா என்று குடிநீரைத் தனியே பரிசோதிக்க வேண்டும்.