கால்சட்டைக்குள் ஓர் ஊர்

அரியலூர் வட்டாரத்துச் சுண்ணாம்புப் பாறைகளில் கடல் சிப்பிகளின் புதைபடிவங்கள் கிடைப்பதை அறிவீர்கள். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் அங்கே கடல் இருந்தது என்பதற்கு அவையே சான்று. 1862இல் பிளான்ஃபோர்டு என்னும் புவியியலறிஞர் அங்குள்ள பாறைத் தொகுதி ஒன்றுக்கு அவ்வூரின் பெயரையே சூட்டினார். ‘அரியலூர்த் தொகுதி’ என்றே புவியியல் நூல்கள் இன்றும் அதனை வழங்குகின்றன.

ஊரின் பெயர் பாறைக்கு மட்டுமா வரும்? உடைக்கும் வரும்! பெரம்பலூர்க் கரிசல் மண்ணில் பருத்தி விளைகிறதல்லவா? அத்தகைய பருத்தியில் நெய்த இந்தியத் துணிகள் கடல் கடந்து சென்றபோது ஊர்ப் பெயர்களும் உடன் சென்றன. கள்ளிக்கோட்டைத் துணி ஆங்கிலத்தில் ‘காலிகோ’ ஆயிற்று. பம்பாய்த் துறைமுகத்தை அடுத்த டோங்ரி என்ற ஊரின் பெயரால் ஒரு முரட்டுத் துணி ‘டங்கரீ’ எனப்பட்டது. அத்துணியில் தைத்த கால்சட்டையே ‘டங்கரீஸ்’. இன்று மார்பையும் மறைத்துத் தோளில் பட்டி மாட்டும் கால்சட்டையை அச்சொல் குறிக்கிறது.

“ஆபத்தான வேலைக்கு அணியும் உடை, ‘டேஞ்சர்’ என்ற சொல்லே டங்கரீஸ் ஆகியிருக்கும்” என்று ஒருவர் சொன்னால் நம்பலாமா? ஒலி ஒத்திருப்பது மட்டும் சான்றாகாது. காலத்தைப் பார்க்க வேண்டும்.

பாறை அடுக்குகள் தலைகீழாகப் புரளாதவரை, கீழ் அடுக்கு பழையது. மேல் அடுக்கு புதியது. சொல்லுக்கும் இவ்வாறே அடுக்குகள் உண்டு. தேதியிட்ட பழைய கடிதங்களும் கணக்கேடுகளும் அந்த அடுக்குகள். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்து ஆங்கிலக் குறிப்புகளில் ‘டங்கரீ’ துணியாக மட்டுமே வருகிறது. கால்சட்டை என்ற பொருள் 19ஆம் நூற்றாண்டில்தான் தோன்றுகிறது. ஆகவே முதலில் ஊர், அடுத்துத் துணி, கடைசியில் உடை. வேலைக்கான உடையிலிருந்து சொல் பிறந்தது என்ற ஊகம் இந்த வரிசைக்கு முன் நிற்காது.

உழைப்பாளிகளும் மாலுமிகளும் உடுத்திய மலிவான துணி அது. அதை நெய்தவர்களின் பெயர்களை வரலாறு குறித்து வைக்கவில்லை. அவர்களுடைய துணி விற்ற ஊரையோ ஆங்கில அகராதி இன்றும் சுமந்து நிற்கிறது.

நீங்களும் ஓர் ஆய்வு செய்யலாம். காக்கி, பைஜாமா, ஷால் ஆகிய மூன்று சொற்களையும் பள்ளி நூலகத்திலுள்ள பெரிய ஆங்கில அகராதியில் தேடுங்கள். எம்மொழியிலிருந்து வந்தன? முதலில் என்ன பொருளில் வழங்கின? மூன்றில் ஒன்று முதலில் உடையின் பெயரே அன்று. ஒரு நிறத்தின் பெயர். அது எது என்று கண்டுபிடியுங்கள்!