பிளாட்டினம் இல்லாமல் ஹைட்ரஜன்: நிக்கலால் முடியுமா?

மேட்டூர் என்றாலே அணையும் மீனும்தான் ஞாபகத்துக்கு வரும். அதே ஊரில் கெம்பிளாஸ்ட் சன்மார் ஆலை உப்புநீரில் மின்சாரம் பாய்ச்சி காஸ்டிக் சோடாவும் குளோரினும் எடுக்கிறது. அந்த வேதிவினையில் கூடவே ஹைட்ரஜனும் வந்துவிடும். ஒரு டன் காஸ்டிக் சோடாவுக்கு சுமார் 25 கிலோ. (மின்சாரம் நிலக்கரியில் வந்தால் அது 'பசுமை' ஹைட்ரஜன் ஆகாது.)

இந்தத் தொழிலில் ஹைட்ரஜன் வெளிவரும் கேத்தோடு பொதுவாக நிக்கல்தான். ஆனால் அதன்மேல் ருத்தீனியம் போன்ற விலை உயர்ந்த உலோகத்தை மெல்லிசாகப் பூசுவார்கள். நீரைப் பிரிக்கும் 'பெம்' கருவிகளில் கேத்தோடுக்கு பிளாட்டினமே வேண்டும்.

அப்படி என்ன இருக்கு பிளாட்டினத்தில்? தோசைக்கல்லை நினைச்சுக்கோங்க. மாவு கல்லில் பிடிக்கணும், வெந்ததும் விட்டுடணும். ஹைட்ரஜன் அணுவும் அப்படித்தான்: உலோகத்தில் ஒட்டி, ஜோடி சேர்ந்து, வாயுவாகக் கிளம்ப வேண்டும். பிளாட்டினம் நன்றாகப் பழகிய கல். வெறும் நிக்கலுக்கு அந்தப் பக்குவம் போதாது. வேகம் குறைகிறது, ஈடுகட்ட கூடுதல் வோல்டேஜ் கொடுக்கணும்.

அங்கேதான் காசு போகிறது. ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு கோட்பாட்டின்படி 39 யூனிட்டுக்குச் சற்று மேல் தேவை. நடைமுறையில் 50-ஐத் தாண்டும். யூனிட் 5 ரூபாய் என்று வைத்தால், 5 யூனிட் மிச்சம் பிடித்தாலே கிலோவுக்கு 25 ரூபாய். 2030-க்குள் ஆண்டுக்கு 50 லட்சம் டன் என்பது தேசிய பசுமை ஹைட்ரஜன் இயக்கத்தின் இலக்கு. பெருக்கிப் பாருங்க.

மாற்று என்ன? நிக்கலோடு மாலிப்டினம் கலப்பது ஒரு வழி. இன்னொன்று மாலிப்டினம் சல்ஃபைடு. அதன் தட்டையான பரப்பு சோம்பேறி, ஓரங்கள்தான் வேலை செய்யும் என்று 2007-ல் சோதனையில் தெரிந்தது. அன்றிலிருந்து ஓரங்களை எப்படிப் பெருக்குவது என்பதே ஆய்வாளர்களின் கவலை. மின்வேதியியலுக்கென்றே காரைக்குடியில் சிக்ரி ஆய்வகம் 1953 முதல் இயங்குகிறது.

ஆய்வகத்தில் ஜெயித்தால் போதாது. அங்கே வினையூக்கிகளை ஒப்பிடும் வழக்கமான அளவு சதுர சென்டிமீட்டருக்கு 10 மில்லிஆம்பியர். ஆலையிலோ பல நூறு, அதுவும் வருடக்கணக்கில். சோலார் மின்சாரம் என்றால் தொல்லை இன்னும் அதிகம். சாயங்காலம் கருவி நின்றதும் மின்னோட்டம் சிறிது நேரம் தலைகீழாகப் பாய்ந்து, நிக்கல் கேத்தோடை ஆக்ஸிஜனேற்றிக் கெடுக்கும். பகல் முழுக்க நன்றாக ஓடிய பூச்சுக்கு உண்மையான சோதனை அப்போதுதான்.